காரைச் சுவருக்கு எந்தப் பெயர்ப் பலகை? புதுச்சேரிப் பழைய வீட்டுக் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியின் பழைய வீடொன்றில் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துக் கடை நடத்துகிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை வைக்க வேண்டி வந்தபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன: ஏசிபி எனப்படும் அலுமினிய-பிளாஸ்டிக் தகட்டின் மேல் ஒளிரும் எல்இடி எழுத்துகள், சுவரிலேயே பதிக்கும் பித்தளை எழுத்துகள், கையால் எழுதிய தேக்குப் பலகை. நான் தேக்குப் பலகையைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். பிளெக்ஸ் பதாகையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நம் ஊர் வெயிலில் அது வெளுத்துக் கிழியும் வேகம் எல்லாருக்கும் தெரிந்ததே.

விலை, வெளிச்சம், தூரத்திலிருந்து கண்ணில் படுதல் ஆகிய மூன்றிலும் ஏசிபி பலகைதான் முந்துகிறது. இரண்டு மூன்று நாள்களில் செய்து மாட்டிவிடுகிறார்கள்; இரவிலும் தெருமுனையிலிருந்தே பெயர் தெரிகிறது. இதை மறுப்பதில் பொருளில்லை. புதிய கான்கிரீட் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு அதையே வாங்கலாம். பழைய வீட்டுக்காரர்களுக்குத்தான் மற்றக் கணக்கு எல்லாம்.

பழைய வீடு என்று பொதுவாகச் சொன்னாலும் பலகை வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை இங்கே இரண்டு மூன்று வகை உண்டு. தமிழ் முறை வீடுகளில் தெருவை ஒட்டித் திண்ணையும், அதன் மேல் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சரிவுத் தாழ்வாரமும் இருக்கும். கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீடுகளில் உயர்ந்த மதிலும், வளைவுச் சன்னல்களும், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களும், தளத்துக்குத் தளம் ஓடும் விளிம்புப் பட்டைகளும் இருக்கும். கீழே தமிழ்த் தாழ்வாரமும் மேலே பிரெஞ்சுச் சன்னல்களுமாக அமைந்த கலப்பு வீடுகள் மூன்றாவது வகை. என் கடை இருப்பது அத்தகைய வீட்டில்தான். வைசியாள் வீதியில் இந்தக் கலப்பு முகப்புகளை வரிசையாகக் காணலாம். மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் புதுச்சேரி அரசும், பிரான்சின் வில்நெவ்-சுர்-லொட், இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்களோடு சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில் அந்த வீதியைச் சீரமைத்தன. அதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அந்த வீதியில் ஒருமுறை நடந்தாலே ஒரு செய்தி விளங்கிவிடும். தாழ்வாரங்களும் சன்னல் வரிசைகளும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்வதால்தான் அந்தத் தெருவுக்கு அழகு. நடுவே ஒரே ஒரு வீட்டில் பத்தடி நீளத் தகடு முகப்பை மூடினாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

ஆயினும் அழகைப் பற்றிய பேச்சு கடைக்காரரிடம் நெடுந்தூரம் செல்லாது. "பெயர் தெரிந்தால்தானே ஆள் வருவார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். என்னையும் அழகு மட்டும் மாற்றியிருக்காது. நான் முடிவெடுக்கக் காரணம் சுவர்தான், இன்னும் குறிப்பாகச் சொன்னால் சுவரில் விழும் துளைகள்.

இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டு கட்டப்பட்டு, மேலே சுண்ணாம்புக் காரை பூசப்பட்டது. அது சிமென்ட் பூச்சைவிட மென்மையானது. ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். இத்தகைய சுவரில் டிரில் போட்டு விரியும் போல்ட்டை முடுக்கினால், கான்கிரீட்டில் பிடிப்பதுபோல அது பிடிப்பதில்லை. துளையைச் சுற்றியுள்ள காரையை நொறுக்கிக்கொண்டு உள்ளே செல்கிறது. போல்ட் சாதாரண இரும்பாக இருந்து, கடலும் கூப்பிடு தூரத்தில் இருந்துவிட்டால், உப்புக் காற்றில் துரு பிடிக்கச் சில மழைக்காலங்களே போதும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும் என்பதால், அது உள்ளிருந்தபடியே சுவரைப் பிளக்கத் தொடங்கும். பிளவின் வழியே வடகிழக்குப் பருவமழை நீர் இறங்கும். பிறகு கொத்தனார் வந்து அந்த இடத்தைச் சிமென்ட்டால் அடைப்பார். அதுதான் ஆகக் கெட்ட வைத்தியம்: சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, ஈரம் ஒட்டின் ஓரமாக வழி தேடி வந்து, அங்கே உப்புப் பூத்து, ஒட்டைச் சுற்றியிருந்த நல்ல காரையையும் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும்.

ஏசிபி பலகையின் தகடு வெறும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனம்தான். இரு பக்கமும் மெல்லிய அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். எடையும் அதிகமில்லை. ஆனால் அந்தத் தகடு நிற்பதற்கு இரும்புச் சதுரக் குழாய்ச் சட்டம் வேண்டும்; அந்தச் சட்டத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு போல்ட்டுகள் வேண்டும்; சட்டம் சுவரோடு சமமாக உட்கார வேண்டுமென்றால் குறுக்கே ஓடும் விளிம்புப் பட்டையை உளியால் கொத்தி எடுக்கவும் தயங்கமாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு கடை காலியானபோது அந்தப் பலகையைக் கழற்றியதை அருகில் நின்று பார்த்தேன். தகட்டின் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் புறாக் கூடும் பல்லி முட்டைகளும் இருந்தன. சட்டம் தொட்ட இடமெல்லாம் செம்பழுப்புத் துருநீர் வழிந்த கோடுகள். விளிம்புப் பட்டை நான்கடி நீளத்துக்குச் சிதைந்திருந்தது. போல்ட்டை இழுத்தபோது அதனோடு செங்கல்லின் முகப்பும் பெயர்ந்து வந்தது. வாடகைக்காரர் முன்பணத்தைத் திரும்பக் கேட்க, வீட்டுக்காரர் சுவரைக் காட்ட, அந்தப் பேச்சு நல்லபடியாக முடியவில்லை. பலகை வாங்கும்போது அதைக் கழற்றும் நாளின் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஏசிபியின் மலிவு அங்கே கரைந்துவிடுகிறது.

பித்தளை எழுத்துகள் இந்த ஊருக்குப் பொருத்தமாகத் தெரியும். பிரெஞ்சு வீட்டு வெள்ளைச் சுவரில் அவற்றைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. முகப்பை அவை மூடுவதில்லை என்பது பெரிய நற்குணம். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்பக்கம் இரண்டு ஊசிகளாவது வேண்டும். தமிழில் எழுதினால் மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியாக ஒன்று. பத்துப் பன்னிரண்டு எழுத்துள்ள பெயருக்குச் சுவரில் இருபத்தைந்து துளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் முதலில் விழுவது புள்ளிதான். புள்ளி விழுந்த பெயர்களை வாசித்துச் சிரித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பித்தளையைப் பராமரித்த அனுபவம் எனக்குச் சொந்தமாக இல்லை. அக்கம்பக்கத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அடிக்கடி துலக்காவிட்டால் கறுக்கிறது, துலக்கினால் துலக்கும் பசை சுவரில் இழுகிக் கறை படிகிறது. மதிலின் வாயிலோரம் ஓரடிச் சதுரத்தில் ஒரே பித்தளைத் தகடாக, நான்கு திருகாணிகளோடு வைப்பது நல்ல வழியாகவே எனக்குப் படுகிறது. விடுதிக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் அது போதும். போகிறவர் வருகிறவரை உள்ளே அழைக்க வேண்டிய கடைக்குப் போதாது.

இனி மரப் பலகை. என்னுடையது ஆறடி நீளம், ஒன்றரை அடி உயரம், ஓர் அங்குல கனத் தேக்கு; எடை பதினைந்து கிலோவுக்குள் அடங்கும். அதைச் சுவரில் பதிக்கவில்லை. தாழ்வாரத்தின் முன் உத்திரம் மரம் என்பதால், அதில் இரண்டு துருவேறாத எஃகுக் கொக்கிகளைத் திருகி, பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்டு, காற்றில் ஆடாமலிருக்கக் கீழ்ப்பக்கம் தூணோடு ஒரு கட்டுக் கட்டியிருக்கிறேன். சுவரில் ஒரு துளைகூட இல்லை. தாழ்வாரம் இல்லாத வீட்டில் சுவரைத் தொடாமல் முடியாது; அப்போதும் தாங்கிகளை நான்கு இடங்களில், செங்கல்லின் நடுவில் அல்லாமல் செங்கற்களுக்கு இடைப்பட்ட கலவையில் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய பின் அந்தத் துளையைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்துவிடலாம். உடைந்த செங்கல்லை அப்படிச் சரிசெய்ய முடியாது. எஃகில் 316 என்ற தரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 304 தரமும் துருவேறாதது என்றே விற்கப்படுகிறது; ஆனால் 316-இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக் காற்றை அது கூடுதலாகத் தாங்கும். கொக்கிக்கு ஆகும் விலை வித்தியாசம் அற்பம்.

தொங்கும் பலகையின் இன்னொரு பயனைப் புயல் நாள்களில்தான் முழுதாக உணர முடியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து ஊரை வெள்ளக்காடாக்கியதையும் இந்த ஊரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அகலமான தகட்டுப் பலகை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். அந்த இழுப்பு முழுவதும் போல்ட் வழியே காரைச் சுவருக்குத்தான் போகிறது. எச்சரிக்கை வந்ததும் இரண்டு பேர் ஏணி வைத்துக் கால் மணி நேரத்தில் இறக்கிக் கடைக்குள் சாய்த்துவைக்கக் கூடியது மரப் பலகை. பட்டை தீட்டிய கண்ணாடி எழுத்து, நியான் குழாய் என்று எதைச் சொன்னாலும் இந்த ஒரு வசதிக்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்இடி எழுத்தை உலோகப் பட்டையை வளைத்துச் செய்கிறார்கள்; ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது ஏற்றது. ண, ழு, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளைச் சிறிய அளவில் அப்படி வளைக்க முடியாமல், சுழியை அடைத்தோ நிமிர்த்தியோ விடுகிறார்கள். இரவில் ஒளி ததும்பும்போது ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரியும். போர்டு எழுதுகிறவர் தூரிகையால் எழுதும்போது அந்தச் சிக்கல் இல்லை. நீண்ட பெயராக இருந்தால் எழுத்தை ஒடுக்கியும், குறுகிய பெயராக இருந்தால் காலை நீட்டியும் பலகைக்குள் அடக்கத் தெரிந்தவர் அவர். எனக்கு எழுதித் தந்த பெரியவர் முதலில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டார். அளவுகோலை அதன் பிறகு தொடவே இல்லை. அப்படி எழுதுகிறவர்கள் அருகிவருகிறார்கள் என்பது இந்த வழியின் உண்மையான குறை. ஆளைத் தேடவும் முறை வரும்வரை காத்திருக்கவும் பொறுமை வேண்டும்.

பராமரிப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். மழைக்காலம் முடிந்ததும், தை பிறக்கும் முன், பலகையை இறக்கித் துடைத்து, ஓரங்களையும் பின்பக்கத்தையும் பார்த்து, தேவையான இடத்தில் வார்னிஷ் ஏற்ற வேண்டும். பலகை கெடுவது முன்முகத்தில் அல்ல, நீர் உறிஞ்சும் வெட்டுமுனைகளில்தான். அங்கே ப்ரைமரை இரண்டு கை கூடுதலாகப் பூசச் சொல்லுங்கள். கிழக்கு வெயில் நேராக விழும் முகப்பில் சிவப்பு நிறம் சீக்கிரம் வெளுக்கும்; கறுப்பு, வெள்ளை, கரும்பச்சை நிற்கும். எழுத்தை முழுதாகப் புதுப்பிக்க வேண்டிய கட்டம் என் பலகைக்கு இன்னும் வரவில்லை என்பதால், அதன் நெடுங்காலச் செலவைப் பற்றி உறுதியாகப் பேச என்னால் இயலாது. எல்இடி பலகையில் 12 வோல்ட் அடாப்டர் போனால் நடு எழுத்து இரண்டு அணைந்து கிடப்பதையும், அதைச் சரிசெய்ய ஆள் வராமல் மாதக்கணக்கில் அப்படியே நிற்பதையும் தெருவெங்கும் பார்க்கிறோம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இரவு வெளிச்சத்துக்கு, உத்திரத்தின் உட்பக்கம் மஞ்சள் ஒளி தரும் ஒரு சிறிய விளக்கைப் பலகையை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறேன். தெருமுனைக்குத் தெரியாது, எதிர்ச்சாரியில் நடப்பவருக்கு நன்றாகத் தெரியும். குறுகிய வீதியில் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

பழைய வீட்டில் பலகை வைக்க அனுமதி கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்ணப்பத்தோடு முகப்பின் முழுப் படத்தையும், பலகையின் அளவையும், சுவரைத் தொடும் இடங்கள் எத்தனை என்பதையும், எப்படிக் கழற்றப்படும் என்பதையும் ஒரே தாளில் வரைந்து வைத்துவிட்டால் பேச்சு சுருங்கும். பலகைக்கும் மரபுக் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம்: நானூறுக்கும் மேற்பட்ட மரபுக் கட்டடங்களின் பட்டியல் அங்கே உருவானதே, விளம்பரப் பலகை வழக்கில் உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழுவின் அறிக்கையில்தான். அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2010-இல் வந்த தீர்ப்பும் அந்தப் பட்டியலை ஒட்டியே அமைந்தது.

கடற்கரைச் சாலையை ஒட்டி, உப்புச் சாரல் நேரடியாக விழும் முதல் இரண்டு வீதிகளில் கடை வைப்பவர்களுக்கு மட்டும் என் தேக்குப் பலகையை அவ்வளவு துணிந்து பரிந்துரைக்கமாட்டேன். அங்கே எனாமல் தகட்டை விசாரித்துப் பார்க்கலாம்: நம் வீதிகளின் பெயரைப் பிரெஞ்சிலும் தமிழிலும் தாங்கி நிற்கும் நீல நிறத் தகடுகளின் வகை அது. கண்ணாடிப் பொடியை இரும்புத் தகட்டில் ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டுவதால் நிறம் வெளுப்பதில்லை. திருகாணித் துளையில் மட்டும் பூச்சு சில்லுப் பெயர்ந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே துளைகளைச் சூளையில் சுடுவதற்கு முன்பே போடச் செய்து, மாட்டும்போது திருகாணிக்கு அடியில் ரப்பர் வளையம் வையுங்கள்.