காசியில் சங்கல்பத்துக்கு உட்காரும் முன் தட்சிணையைப் பேசிவிடுங்கள்

காசிக்கு வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், அதிலும் இறந்தவர்களுக்குக் காரியம் செய்யப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். படகுக்காரர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார், ஆட்டோக்காரர் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார் என்கிற வகை இல்லை இது. கையில் கங்கை நீரை ஊற்றி, சங்கல்பம் என்று சடங்குக்கு முன் சொல்லும் மந்திரத்துக்கு நடுவே ஒரு தொகையைச் சொல்ல வைத்து, அதையே கடனாக்கி வசூல் செய்த விஷயம். நடந்தது என் அம்மாவுக்கு. நானும் சித்தியும் பக்கத்திலேயே இருந்தோம்.

அப்பாவுக்குக் கயையில் பிண்டம் போட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் எண்ணம். முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்ததும் கிளம்பினோம். காசியில் ஹனுமான் காட் படித்துறைப் பக்கம் இருக்கும் ஒரு தமிழ்ப் புரோகிதரிடம், வாத்தியார் என்போமே, அவரிடம் ஊரிலிருந்தே பேசி, பிரயாகை, காசி, கயை மூன்றுக்கும் சேர்த்து இவ்வளவு என்று முடிவு செய்திருந்தோம். அவர் தரப்பில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்கல் வந்தது அவரிடம் போவதற்கு முன்பு. காசியில் இறங்கிய மறுநாள் விடியற்காலை, காரியமெல்லாம் அப்புறம், முதலில் கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்றார் அம்மா. சரி என்று தசாசுவமேத காட் பக்கம் போனோம்.

படித்துறையில் பெரிய பெரிய மூங்கில் குடைகளுக்குக் கீழே மரப்பலகை போட்டு உட்கார்ந்திருப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காட்டியா என்று அவர்களுக்குப் பெயர். குளிக்கப் போகிறவர்களின் துணிமணியைப் பார்த்துக்கொள்வார்கள், கரையேறியதும் சந்தனம், குங்குமம் கொடுப்பார்கள், முகம் பார்க்கக் கண்ணாடியும் சீப்பும்கூட வைத்திருப்பார்கள். அதற்கு ஏதோ சில்லறை கொடுத்தால் போதும். தலைமுறையாக அதில் பிழைப்பவர்கள். பெரும்பாலானவர்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

அம்மா ஈரப்புடவையோடு படியேறும்போது ஒரு இளைஞர் வந்தார். "வாங்கம்மா, எந்த ஊரு? மதுரையா, திருநெல்வேலியா?" பேசியது தமிழ்நாட்டுக்காரர் தமிழ் இல்லை, ஆனால் தடுமாற்றமில்லாத தமிழ். திருநெல்வேலிப் பக்கம் என்று அம்மா சொன்னதும், "நெல்லையப்பர் ஊரு! காந்திமதி அம்மன்!" என்றார். ரயில் இறங்கியதிலிருந்து இந்தி தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஐயா இருக்காங்களா என்று கேட்டார் அந்த இளைஞர். இல்லை என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கங்கையில முழுகிட்டு அப்படியே போகக் கூடாதும்மா. ஐயா பேருக்கு ஒரு சங்கல்பம், பத்தே நிமிஷம். இஷ்டப்பட்டதைக் குடுங்க" என்றார்.

வாத்தியார் நாளைக்குப் பார்த்துக்கொள்வார் என்று நான் சொன்னேன். அது வேற, இது வேற என்றார். அம்மா அதற்குள் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே பெரியவர் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். தர்ப்பையில் பவித்திரம் போட்டு, கையில் தேங்காயைக் கொடுத்து, அதன் மேல் கங்கை நீரை விட்டார். அப்பா பெயரைக் கேட்டார். கோத்திரம் தெரியாது என்றதும், சிவ கோத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அது பொதுவாகச் சொல்வதுதான். இதுவரை எல்லாமே ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் அவர் சொல்லச் சொல்ல அம்மா திருப்பிச் சொன்னார். வேகம் கூடிக்கொண்டே போனது. நாலு வார்த்தை, உடனே "சொல்லுங்க", அடுத்த நாலு வார்த்தை, "சொல்லுங்க". அந்த வேகத்தில் "ஏகாதச ஸஹஸ்ர" என்று ஒன்று வந்தது. அம்மாவும் "ஏகாதச ஸஹஸ்ர" என்றார். மந்திரத்தோடு மந்திரமாக அது போய்விட்டது.

தேங்காயைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது இளைஞர் தமிழில் விளக்கினார். "அம்மா கங்கை சாட்சியா பதினோராயிரம் தட்சிணை தர்றதா வாக்குக் குடுத்திருக்காங்க."

சித்தி கொதித்துவிட்டார். "இது என்னய்யா அநியாயம், முன்னாடி ஒரு வார்த்தை சொன்னியா?" என்று கேட்டதற்கு அவர் அசையவே இல்லை. நாங்க கேட்கலையே, அம்மா வாயால அம்மாவே சொன்னது என்றார். இதற்குள் மேலும் இருவர் வந்து பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்க முடியாது என்று நான் எழுந்தபோதுதான் பெரியவர் வாய் திறந்தார், இளைஞர் அதைத் தமிழில் சொன்னார்: "சொன்னதைக் குடுக்கலைன்னா ஐயாவுக்கு எதுவும் போய்ச் சேராது. பாதியில நிக்கும்."

பணம் போனதைவிட இந்த வாக்கியத்துக்காகத்தான் எனக்கு ஆத்திரம். புருஷனை இழந்த ஒரு பெண்ணிடம், அவள் நனைந்த புடவையோடு கங்கைக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது, உன் புருஷன் பாதி வழியில் நிற்கிறான் என்று சொல்ல எப்படி மனசு வரும்? அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் வாதாட வாதாட அவர் அழுகைதான் கூடியது. கடைசியில், "குடுத்துருப்பா. அப்பா பேரைச் சொல்லி நடுத்தெருவுல பேரம் பேச வேண்டாம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? அவர்களாகவே 5,100 ரூபாய்க்கு இறங்கி வந்தார்கள். அம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்த நோட்டுகள் போதவில்லை. பலகையில் விரித்திருந்த பாய்க்கு அடியிலிருந்து கியூஆர் அட்டை வெளியே வந்தது. லேமினேஷன் செய்து தயாராக வைத்திருந்தார்கள். மிச்சத்தை அதில் போட்டேன்.

அறைக்கு வந்து அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, மேலே சாலையில் இருந்த போலீஸ் பூத்துக்குப் போனேன். ஒரு காவலர் மறுக்காமல் கூடவே வந்தார். குடை இருந்தது, பலகை இருந்தது, ஆட்கள் இல்லை. பக்கத்துக் குடைக்காரர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பணம் போன கணக்கின் பெயரைக் காட்டினேன், எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் வாத்தியாரிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஏற்கெனவே பலர் அழுதுகொண்டு வந்து சொல்லியிருக்கிறார்களாம். அவர் அம்மாவை எதிரில் உட்கார வைத்து நிதானமாக விளக்கியதை அப்படியே சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். சங்கல்பம் என்பது இன்ன வருஷம், இன்ன அயனம், இன்ன மாதம், பட்சம், திதி, இன்ன இடத்தில், இன்ன கோத்திரத்தில் இன்ன பெயருள்ள நான், இன்ன காரியத்தை இன்னாருக்காகச் செய்கிறேன் என்று அறிவித்துக்கொள்வது. ரூபாய்க் கணக்குக்கு அதில் இடமே இல்லை. தட்சிணை அவரவர் சக்திக்கு ஏற்றது. குறைந்தால் பித்ருக்களுக்குப் போய்ச் சேராது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. அர்த்தம் தெரியாமல் சொல்ல வைத்தது வாக்கும் ஆகாது. "அம்மா, நீங்க முழுகும்போது அவரை நினைச்சீங்க இல்ல? அது போய்ச் சேர்ந்தாச்சு" என்றார். அதன் பிறகுதான் அம்மா சாப்பிட்டார்.

தமிழில் பேசினால் நம்பிவிடுகிறோம் என்று நம்மைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. காசியில் தமிழுக்கு உண்மையாகவே இடம் இருக்கிறது. குமரகுருபரர் அமைத்த மடம் கேதார் காட்டில் இருக்கிறது. பாரதியார் இளவயதில் ஹனுமான் காட்டில்தான் இருந்தார். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 1813 முதல் நடக்கிறது. விசுவநாதருக்குப் பூஜைப் பொருட்களை "சம்போ" என்று சொல்லியபடி தினமும் அங்கிருந்து எடுத்துப் போகிறார்கள். இத்தனை காலம் இத்தனை பேர் சேர்த்து வைத்த நம்பிக்கை அது. அந்த இளைஞர் தின்றது அதைத்தான். அதனால் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சத்திரத்திலோ மடத்திலோ போய்க் கேளுங்கள். படித்துறையில் தானாக வந்து ஊர் கேட்பவரோடு உட்காராதீர்கள்.

இதே வேலை பிரயாகையிலும் நடக்கிறது, அங்கே இன்னும் கஷ்டம். திரிவேணி சங்கமத்துக்குப் பெரும்பாலும் படகில்தான் போவார்கள். ஆற்றில் நிறுத்தி வைத்திருக்கும் படகுகளில் பண்டாக்கள் என்கிற புரோகிதர்கள் இருப்பார்கள். பால், தேங்காய் விற்கிறவர்களும் படகிலேயே வருவார்கள். கரையில் என்றால் எழுந்து போய்விடலாம், நடு நீரில் எங்கே போவது? எங்கள் வாத்தியார் தன் ஆளை எங்களோடு படகில் அனுப்பியிருந்ததால் தப்பித்தோம். பக்கத்துப் படகில் ஒரு ஆந்திரக் குடும்பம் பத்து நிமிஷத்துக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. படகுக்குப் பேசும்போது தலைக்கு இவ்வளவா, முழுப் படகுக்கா, திரும்பக் கொண்டுவந்து விடுவதும் சேர்த்தா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கயையில் நெருக்குகிற இடம் அட்சயவடம். பல்கு நதிக்கரை, விஷ்ணுபாதம், அப்புறம் இந்த ஆலமரம் என்று மூன்று இடத்தில் பிண்டம் வைப்பார்கள். காய், கனி, இலை ஒவ்வொன்றை இனி உண்பதில்லை என்று விட்டுவிடச் சொல்வதும் கயையில்தான். கடைசியில் கயாவாலிகள், அதாவது கயையின் பரம்பரைப் புரோகிதர்கள், காரியம் பலித்தது என்று வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன்னால் தொகை கேட்டு அழுத்துவது உண்டு. மனசு கனத்துப்போய் இருக்கும் நேரம், யாரும் மறுக்க மாட்டார்கள். கயாவாலிகளுக்கான தட்சிணையையும் சேர்த்துத்தான் எங்கள் வாத்தியார் முன்பே தொகை பேசியிருந்தார். அங்கே ஒருவரும் எங்களிடம் கை நீட்டவில்லை. ஏற்பாடு செய்யும்போது இந்த ஒன்றை வாய்விட்டுக் கேளுங்கள்: கயாவாலி தட்சிணை இதில் அடக்கமா, இல்லையா? பதில் வாட்ஸாப்பில் எழுத்தாக வரட்டும்.

விசுவநாதர் கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. அதை வைத்தே சந்துக் கடைகளில் ஒரு வியாபாரம் நடக்கிறது. "லாக்கர் ஃப்ரீ, வாங்க" என்று கூப்பிட்டு செல்போனையும் செருப்பையும் பூட்டிவிடுவார்கள். சாவி உங்கள் கைக்கு வருவதற்குள் பால், வில்வம், மாலை, கொஞ்சம் பேடா வைத்த ஒரு கூடை உங்கள் கையில் இருக்கும். விலை அப்போது சொல்ல மாட்டார்கள். தரிசனம் முடித்துத் திரும்பி வரும்போது 501 என்பார்கள். போன் அவர்கள் பூட்டுக்குள். நாங்கள் அதில் மாட்டவில்லை, எங்கள் விடுதியில் தங்கியிருந்த கோயம்புத்தூர் தம்பதி மாட்டினார்கள். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கோயில் வளாகத்திலேயே இருக்கும் லாக்கரில் வையுங்கள். சீக்கிரம் தரிசனம் வேண்டுமென்றால் கோயில் அறக்கட்டளையே சுகம் தரிசனம் என்று சீட்டுக் கொடுக்கிறது. நாங்கள் போனபோது ஆளுக்கு 300 ரூபாய். கோயில் கவுன்ட்டரிலோ கோயிலின் இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். சந்தில் நின்று விஐபி தரிசனம் என்று கிசுகிசுப்பவர் யாராக இருந்தாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

மணிகர்ணிகையில் ஏழைகளின் பிணம் எரிக்க விறகு வாங்கத் தானம் என்று கேட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மாடிக்கு அழைப்பவர்களோடும் போக வேண்டாம். கொடுக்காவிட்டால் பாவம் என்று அங்கேயும் இதே பேச்சுதான்.

வருகிற கார்த்திகையில் எங்கள் பெரியம்மா குடும்பம் போகிறது. அவர்களுக்கு ஒரு தாளில் இரண்டு வரி இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பஹ்லே தக்ஷிணா பதாயியே" என்று முதல் வரி, முதலில் தட்சிணையைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். "சங்கல்ப் மே பைசா நஹீ போலேங்கே", சங்கல்பத்தில் பணத்தைச் சொல்ல மாட்டோம், இது இரண்டாவது. பலகையில் உட்காருவதற்கு முன்பு, தேங்காய் கைக்கு வருவதற்கு முன்பு இதைச் சொல்ல வேண்டும். திரும்பச் சொல்லும்போது "சத", "ஸஹஸ்ர" என்று காதில் விழுந்தால் நூறு, ஆயிரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்; அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளலாம், தேங்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வரலாம். யாராவது சுற்றி உட்கார்ந்து மிரட்டினால் 112. உத்தரப் பிரதேசத்தில் போலீஸுக்கு அந்த எண்தான். அங்கேயே உட்கார்ந்தபடி போடுங்கள், அறைக்கு வந்த பிறகு போட்டுப் பயனில்லை.