நேரலை வகுப்பா, பதிவுப் பாடமா?

தொலைநிலைக் கல்வியில் சேரப்போகிறவர்கள் பலரும் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

டேட்டா
நேரலை: விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ மணிக்குச் சுமார் 450 எம்பி எடுக்கும். இணைப்பு அறுந்தால் அந்த விளக்கம் போனது போனதுதான்.
பதிவு: வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒலி மட்டும் உள்ள பதிவு என்றால் மணிக்கு 29 எம்பி போதும்.

நேரம்
நேரலை: குறித்த மணிக்கு உட்கார வேண்டும்.
பதிவு: இரவு பதினொன்றுக்கும் பார்க்கலாம்.

சந்தேகம்
நேரலை: கேட்ட இடத்திலேயே பதில். அதைவிட முக்கியம், மற்றவர்கள் கேட்கும் கேள்விகள். நமக்குத் தோன்றவே தோன்றாத சந்தேகத்தை வேறொருவர் கேட்டு, அதில் பாடம் தெளிவானது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.
பதிவு: மூடுல் (Moodle) போன்ற இணையவழிப் பாடத் தளத்தில் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் புரியாத இரண்டு நிமிடத்தைப் பத்து முறை ஓட்டிப் பார்க்கலாம். எந்த ஆசிரியரிடமும் அப்படிக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும்.

தொடர்ச்சி
பதிவில் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று பாடங்கள் குவிந்துவிடும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாதியில் நிற்பவர்கள் பலர் இங்கேதான் நிற்கிறார்கள்.

சரி, யாருக்கு எது? புதிய மொழி பேசிப் பழகுபவர்களுக்கும், தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் நேரலை. ஷிஃப்ட் வேலைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இணைப்பு பலவீனமானவர்கள் தயங்காமல் பதிவை எடுங்கள். காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்கும், திருத்திய வசனவரிகள் இருந்தால் பதிவே நல்லது.