பாடநூலா, பழைய வினாத்தாளா? உயிரியல் ஒலிம்பியாட் தயாரிப்பு

உயிரியல் போட்டித் தேர்வு எழுதப்போகும் பள்ளி மாணவர்கள் அதிகம் தடுமாறுவது, பாடநூலைப் படிப்பதா, பழைய வினாத்தாளை எழுதிப் பார்ப்பதா என்பதில்தான்.

செலவு: இரண்டுக்கும் பெரிதாக இல்லை. புத்தகம் நூலகத்தில் கிடைக்கும், பன்னாட்டு ஒலிம்பியாட்டின் பழைய தாள்கள் இணையத்தில் இலவசம்.

நேரம்
பாடநூல்: கல்லூரி முதலாண்டுப் புத்தகம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். மாதக்கணக்கில் ஆகும்.
வினாத்தாள்: எழுத அரைநாள், பிழைகளை அலச இன்னொரு அரைநாள். அந்த இரண்டாவது பாதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆழம்
பாடநூல்: பாலைவன எலியின் சிறுநீரகத்தில் ஹென்லே வளைவு (நீரை மீட்க உதவும் U வடிவ நுண்குழல்) ஏன் நீளம் என்ற காரணம் புரியும்; புரிந்தது மறக்காது.
வினாத்தாள்: காரணத்தைச் சொல்லித் தராது. ஆனால் தெரியாத இடத்தைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும்.

தேர்வுக்குப் பொருத்தம்
இதில் வினாத்தாள்தான் மேல். 1990-இல் தொடங்கிய பன்னாட்டு உயிரியல் ஒலிம்பியாட்டில் இப்போது பெரும்பாலும் ஒரு வரைபடமோ அட்டவணையோ தந்து, நான்கு கூற்றுகளில் எவை சரி, எவை தவறு என்று கேட்கிறார்கள். உதாரணமாக, போட்டித் தடுப்பானை (நொதியில் வினைபடுபொருள் சேரும் இடத்துக்கு அதோடு போட்டியிடும் பொருள்) சேர்த்தால் நொதியின் உச்ச வேகம் மாறாது, அதில் பாதி வேகத்தை எட்ட அதிக வினைபடுபொருள் தேவைப்படும். இதை மனப்பாடமாக ஒப்பித்துப் பயனில்லை. இரண்டு வளைகோடுகளைப் பார்த்ததும் எது தடுப்பானோடு வரைந்தது என்று சொல்லத் தெரியவேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டும் போதாது. நுண்ணோக்கியில் கை பழகியே ஆகவேண்டும்.

ஓராண்டு கையில் இருந்தால் பாடநூலில் தொடங்குங்கள். அடிப்படை உறுதியாகி, இரண்டு மாதமே மிச்சமென்றால் வினாத்தாள். மரபியலே புரியாதவர் தாளை எடுத்தால் சோர்வுதான் மிஞ்சும். அவருக்கு நேரம் குறைவானாலும் புத்தகமே நல்லது.