450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 5800எக்ஸ்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

கம்ப்யூட்டரில் இருந்த ரைசன் 5 2600 பிராசசரைக் கழற்றிவிட்டு ரைசன் 7 5800எக்ஸ் போட முடிவெடுத்தபோது என் கவலையெல்லாம் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி, மேல்தான் இருந்தது. 450 வாட், அதுவும் மூன்று வருடம் உழைத்தது. கேட்டவர்கள் எல்லோரும் "650-க்குப் போயிடு" என்றார்கள். ஏன் என்று கேட்டால் யாரும் கணக்குச் சொல்லவில்லை. சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

2600-க்கு 65 வாட், 5800எக்ஸ்க்கு 105 வாட் என்று போட்டிருப்பார்கள். 40 வாட்தானே கூடுகிறது என்று விட்டுவிடக் கூடாது. அது கூலரைத் தேர்வு செய்வதற்கான எண். இவை உட்காரும் ஏஎம்4 மதர்போர்டில் 105 வாட் பிராசசர் 142 வாட் வரை இழுக்கும், 65 வாட் பிராசசர் 88 வரை. ஆக, கூடுவது 54. இன்டெலிலும் இப்படித்தான்: ஐ5 12400-க்கு 65 வாட் என்று இருந்தாலும் டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது, 117 வரை போகும், அதே 65 வாட் போட்ட ஐ7 12700, 180 வரை.

அடுத்து கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளை டார்ச் அடித்துப் படித்தேன். பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐப் பார்த்துப் பயனில்லை. 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியர்தான் முக்கியம். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் சாப்பிடுகின்றன. என்னுடையதில் 36 ஆம்பியர், அதாவது 432 வாட். அந்த இடத்தில் 25 ஆம்பியர் மட்டும் இருந்திருந்தால், கிடைப்பது 300 வாட்தான். அப்போது மாற்றியே இருப்பேன்.

பிராசசர் 142, என் கிராபிக்ஸ் கார்டான ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 125, மற்றதெல்லாம் சேர்த்து 50 என்று வைத்தால் 317. தாராளமாக இடம் இருந்தது. மாட்டிய பிறகு பிளக்கில் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தேன். கேம் ஆடும்போது 260-ஐ ஒட்டி நின்றது. பிராசசரையும் கார்டையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் விரட்டியபோது 365. மீட்டர் காட்டுவதில் எஸ்எம்பிஎஸ் வெப்பமாக வீணாக்குவதும் அடக்கம் என்பதால், உள்ளே போனது 310 வாக்கில் இருக்கும். கணக்கு பொய்க்கவில்லை.

நான்காவது மாதம் பிரச்சினை வந்தது. வீடியோ ரெண்டர் ஓடும்போது, ப்ளூ ஸ்கிரீன்கூட இல்லாமல் சட்டென்று ரீஸ்டார்ட். ஒரு வாரத்தில் மூன்று முறை. விண்டோஸ் நடந்ததைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அந்த 41 சொல்வது, முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டும்தான், காரணத்தைச் சொல்லாது. புதிதாக வாங்கும் முன் ஒவ்வொரு கனெக்டராக அழுத்திப் பார்த்தேன். போர்டின் மூலையில், பிராசசருக்குப் போகும் 4+4 பின்னில் ஒரு பாதி கொக்கி மாட்டாமல் நகக்கண் அளவுக்குத் தூக்கி நின்றது. 142 வாட் என்றால் ஏறத்தாழ 12 ஆம்பியர். நான்கு மஞ்சள் வயர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியதை இரண்டு மட்டும் சுமந்திருக்கின்றன. நல்லவேளை, பிளாஸ்டிக் நிறம் மாறவில்லை. 'க்ளிக்' கேட்கும் வரை அழுத்தினேன். அதன்பின் ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை.

அப்புறம் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) பிராசசரின் மின்சாரத்தைக் குறைக்கும் 65 வாட் எக்கோ மோட் போட்டேன். உச்சம் 88 வாட்டுக்கு இறங்கிவிடும். என் ரெண்டர் கொஞ்சம் தாமதமாகிறது, கேமில் வித்தியாசமே தெரியவில்லை. கூலர் சத்தம் நன்றாகக் குறைந்தது. எஸ்எம்பிஎஸ் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

இப்போது என் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வயது. பிராசசருக்காக இதை மாற்றும் எண்ணம் இல்லை. கிராபிக்ஸ் கார்டு மாற்றும் நாளில் மாற்றுவேன். ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற ஒன்று தனியாகவே 320 வாட் கேட்கும், நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதையும் தாண்டித் துள்ளும். அன்றைக்குப் பழைய மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிள்களைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருக மாட்டேன். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கலாம். மாற்றிச் செருகினால் எஸ்எஸ்டி, போர்டு என எது வேண்டுமானாலும் எரிந்துவிடலாம்.