அச்சகத்துக்கு ஒரு வெள்ள முன்னேற்பாட்டு ஆய்வு: ஓராண்டு அனுபவம்

ஈக்காட்டுத்தாங்கலில் தரைத்தளத்தில் அச்சகம் நடத்தி வருகிறேன். 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டு அடையாறு கரை கடந்தபோது, எங்களால் எதையும் காப்பாற்ற முடியவில்லை. நீரில் ஊறிய காகிதம் உப்பி, இரும்பு அடுக்குகளையே வளைத்துவிட்டிருந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் வாசலில் மணல் மூட்டைகளையே நம்பியிருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வாசல் காய்ந்திருக்கக் கழிவறை வழியாக நீர் புகுந்த பிறகுதான், விவரம் அறிந்தவர்களை அழைப்பதென்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்ற மின்பொறியாளர் ஒருவரும், காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டில் நீண்ட காலம் பணியாற்றிய ஒருவரும் சேர்ந்து சிறு தொழிலகங்களுக்காக நடத்தும் ஆய்வுச் சேவையை 2024 ஆகஸ்டில் 9,000 ரூபாய் கட்டணத்தில் பெற்றேன்.

வந்தவர்கள் வாசலை விட்டுவிட்டு முதலில் கழிவறையைத்தான் பார்த்தார்கள். தெருவின் கழிவுநீர்க் குழாய் நிரம்பிவிட்டால், நீர் பின்னோக்கித் திரும்பி, கட்டடத்தில் மிகத் தாழ்வாக உள்ள திறப்பின் வழியே மேலே வரும் என்பதை விளக்கி, குழாயில் ஒருவழி வால்வு பொருத்திய பிறகே வாசலுக்குத் தடுப்புப் பலகை செய்யுமாறு சொன்னார்கள். மின்பலகையும் இன்வெர்ட்டர் பேட்டரியும் 2015ஆம் ஆண்டின் நீர்த்தடத்துக்கு மேலே ஏற்றப்பட்டன. டன் கணக்கில் எடையுள்ள ஆஃப்செட் இயந்திரத்தைத் தூக்க முடியாது என்பதால், கழற்றக்கூடிய மோட்டார்களுக்கும் மின்னணு அட்டைகளுக்கும் எண்ணிட்டு, அவற்றைக் கழற்றும் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். நீர் வடிந்த பிறகு மெக்கர் கருவியால் மின்கசிவைச் சோதிக்காமல் எந்த இயந்திரத்துக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

இவற்றைவிட எனக்குப் பெரிதும் பயன்பட்டது காப்பீடு பற்றிய பகுதி. நாட்காட்டி, டைரி, தை மாதத் திருமண அழைப்பிதழ்கள் என்று எங்கள் தொழிலின் உச்சம் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே வருகிறது. ஆகவே காகித இருப்பு மிக அதிகமாக இருக்கும் மாதங்களும் வெள்ள அபாயம் மிக்க மாதங்களும் ஒன்றே. நானோ ஒவ்வோர் ஆண்டும் இருப்பு குறைந்திருக்கும் ஏப்ரலில் காப்பீட்டைப் புதுப்பித்து, அன்றைய மதிப்பையே எழுதி வந்தேன். 20 லட்சம் ரூபாய் இருப்பை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 6 லட்சம் இழப்புக்கு 3 லட்சம்தான் கிடைக்கும் என்ற விகிதாசாரக் கணக்கை அவர்கள் காட்டியபோது மிகவும் கலங்கிப்போனேன். ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழிலகங்களுக்காக 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் வெள்ள இழப்பும் அடங்கும். மதிப்பைக் குறைத்துக் காட்டியதில் 15 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். ஆனால் பாதிக்குப் பாதி குறைத்திருந்தால் அந்தச் சலுகை எம்மாத்திரம்? இப்போது உச்ச மாதங்களின் இருப்பையே மதிப்பாகக் கொண்டிருக்கிறேன். கூடுதல் பிரீமியம் தாங்கக்கூடியதாகவே உள்ளது. இருப்பைத் தேதியுடன் மாதந்தோறும் படமெடுப்பதும், கொள்முதல் பில்களின் நகலை வேறிடத்தில் வைப்பதும், இழப்பை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பார்க்கும் வரை நனைந்த சரக்கை அப்புறப்படுத்தாமல் இருப்பதும் அவர்கள் சொன்ன மற்றவை.

குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தியபோது, நாங்களும் ஆய்வு செய்தவர்கள் எழுதித் தந்த அறிக்கையின்படி செயல்படத் தொடங்கினோம். காகிதக் கட்டுகளை மேல்தளத்துக்கு ஏற்ற ஒரு மணி நேரம் போதும் என்று அறிக்கை சொல்லியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தாழ்வான பகுதிகளில் குடியிருக்கும் தொழிலாளர்களை, அவர்களுடைய குழந்தைகளையும் பொருட்களையும் பாதுகாக்க முதலில் வீட்டுக்கு அனுப்பினேன். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அச்சகத்தின் ஆறு பேரும் கடைசி வரை உடனிருப்பார்கள் என்றே கணக்கிட்டிருந்த அறிக்கை, அவர்கள் வீடு போய்ச் சேருவது பற்றியோ, அச்சகம் மூடியிருக்கும் நாட்களின் கூலி பற்றியோ ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அந்த முறை எச்சரித்த அளவுக்கு மழை பெய்யவில்லை. தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்றபோதும் கழிவறை வழியாக நீர் ஏறவில்லை என்பதால் வால்வு வேலை செய்கிறது என்று சொல்லலாம். வாசல் பலகை உண்மையான வெள்ளத்தை இன்னும் சந்திக்கவில்லை. ஆற்றங்கரைப் பகுதிகளில் தரைத்தளத்தில் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இவ்வாண்டு ஆய்வுக்கும் அவர்களையே அழைத்திருக்கிறேன். இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு எதை முதலில் ஏற்றுவது என்ற வரிசையையும், தொழிலாளர்களுக்கான தனிப் பக்கத்தையும் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.