சீனிக்கு எந்தச் சப்பாத்து? திருகோணமலை வெயிலில் நான்கு வகைப் பாதக் காப்புகள்

கடந்த மே மாதம் ஒரு நண்பகலில் உப்புவெளிச் சந்திக்குப் பால்மா வாங்கப் போனேன். எங்கள் நாய் சீனி பின்னாலேயே வந்துவிட்டாள். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. போக வர நானூறு மீற்றர்கூட இராது. அன்றிரவு முழுவதும் அவள் முன்கால்களை நக்கிக்கொண்டே கிடந்தாள். விடிந்ததும் பார்த்தால் உள்ளங்கால் மெத்தையில் ஒரு நாணயக் குற்றி அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஒன்பது வயது ஊர்நாய் அவள், பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்தவள். ஊர்நாய்க்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நானும் நம்பியிருந்தேன். அந்தக் காலைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் பனிக்காலத்தில் தன் நாய்க்குச் சப்பாத்துப் போடாமல் வாசற்படி தாண்ட விடமாட்டார். ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் மூன்று பொருட்களைக் கொடுத்தனுப்பினார்: கனமான அடிப்பாகம் கொண்ட துணிச் சப்பாத்து, பலூன் போன்ற மெல்லிய இறப்பர் உறை, பாதத்தில் பூசும் மெழுகு. நான்காவதை எங்கள் வீதித் தையற்காரர் தைத்துத் தந்தார். மூன்று மாதம் நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், அக்கா வீட்டில் முதலிடம் பெறுவது எங்கள் வீட்டில் கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

காரணம் எளிது. அங்கே எதிரி குளிர் மட்டுமல்ல. நாயின் பாதத்தில் தமனியும் நாளமும் நெருங்கி ஓடுவதால், கீழே இறங்கும் சூடான இரத்தம் மேலே ஏறும் குளிர்ந்த இரத்தத்தைச் சூடாக்கிவிடும். அதனால் குளிரை அது ஓரளவு தாங்கும். தாங்க முடியாதது, பனி உருக வீதியில் கொட்டும் உப்பு. விரலிடுக்கில் அது புகுந்தால் எரியும், வெடித்த தோலைக் கடிக்கும். நாய் நக்கினால் வாந்தி வரும். விரல்களுக்கிடையில் பனி உருண்டு கட்டியாவதும் உண்டு. ஆகவே அங்கே வேண்டியது நீரும் உப்பும் புகாத உறை. இங்கே மார்கழி இரவிலும் வெப்பநிலை 23 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் 33, 34 பாகை சாதாரணம். அந்த வெயிலில் கறுத்த தார் வீதி 50 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே இங்கே வேண்டியது சூட்டைத் தடுக்கும் தடிப்பு.

இந்த அளவுகோலால் பார்த்தால் இறப்பர் உறை முதலிலேயே விழுந்துவிடுகிறது. தோல்போல மெல்லியது. நாய்க்குத் தரை நன்றாகத் தெரியும் என்பதால் சீனி இதைத்தான் மிக எளிதாக ஏற்றுக்கொண்டாள். தரை தெரிவதைப் போலவே சூடும் தெரிகிறது. காலை ஒன்பது மணிக்கே அதன் வெளிப்பக்கத்தில் கைவைக்க முடியவில்லை. காற்றும் புகாது. நாய்க்குப் பாதத்தில்தான் வியர்வை வரும்; பத்து நிமிடத்தில் கழற்றினால் உள்ளே ஈரமாக இருந்தது. ஆனால் இதை எறிந்துவிடாதீர்கள். வாடைக்காற்றோடு மழை வரும் கார்த்திகை, மார்கழியில், காலில் கட்டுப் போட்ட நாயை வெள்ளம் நிற்கும் முற்றத்தில் சிறுநீர் கழிக்கக் கூட்டிச்செல்ல இதைவிடச் சிறந்த பொருள் இல்லை. ஐந்து நிமிடம், அவ்வளவுதான். உள்ளே வந்ததும் கழற்றி விரலிடுக்கைத் துடைத்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

மெழுகைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெடித்த பாதத்துக்கு இரவில் பூசினால் நல்லது. சூட்டைத் தடுக்காது. பூசியவுடன் சீனி மாபிள் தரையில் வழுக்கினாள், வயதான நாய்க்கு இடுப்பு போய்விடும். தேங்காயெண்ணெய் பூசுபவர்களுக்கும் இதையே சொல்வேன்: அவ்வளவையும் நாய் நக்கித் தீர்த்துவிடும், மிஞ்சுவதும் சூட்டைத் தடுக்காது. ஊறி மென்மையான பாதம் சூட்டில் விரைவாகப் புண்ணாகும். நிலாவெளியில் நாயைக் கடலில் குளிக்கவிட்டு, அதே ஈரக்காலோடு நண்பகல் வீதியைக் கடக்க வைப்பவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

தையற்காரர் தைத்ததுதான் எனக்குப் பிடித்தது. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் ஐடிடரோட் என்ற பனிவண்டிப் பந்தயத்தில் நாய்கள் வண்டியை இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் ஓடுகின்றன. ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலுறை அடிப்பாகமில்லாத வெறும் துணிப்பை, மேலே ஒரு பட்டி. அதைக் கேட்டதும் பழைய ஜீன்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மடிப்புத் துணி, ஒட்டுப்பட்டி, நான்கும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. இலேசானது, காற்றோட்டமானது, தொலைந்தால் கவலையில்லை. காணிகளில் பரந்து கிடக்கும் நெருஞ்சி முள்ளுக்கும், கரையில் ஒதுங்கும் உடைந்த சிப்பிக்கும் போதுமானது. சூடான தாரில் ஒரு வீதியைக் கடக்கலாம், கால் மணி நேரம் நடக்க முடியாது. நனைந்தால் பாரமாகிவிடும்.

எஞ்சியது கனமான அடிப்பாகம் கொண்டது. நண்பகலில் நடந்தே ஆக வேண்டுமென்றால் இதுதான், வேறு வழியில்லை. மிருக வைத்தியரிடம் போக முச்சக்கரவண்டி நிற்கும் இடம்வரை சீனியை நடத்திப் போனேன்; பாதம் குளிர்ச்சியாகவே இருந்தது. குறைகளும் சிறியவை அல்ல. விலை அதிகம். பட்டி முன்காலின் ஐந்தாம் நகத்தில் உரசுகிறது. தவறான அளவென்றால் நான்கு அடியில் கழன்றுவிடும். பாதம் காக்கப்பட்டாலும் உடல் சூடாகும், நாய் மூச்சிரைப்பது நிற்காது. பாதத்தில் சப்பாத்து இருப்பதை நம்பி வெயிலில் நெடுந்தூரம் கூட்டிச் செல்பவர் நாயைக் கொன்றுவிடக்கூடும். இதை மிகைப்படுத்தவில்லை.

அளவு எடுக்கும் முறையில் பலர் தவறு விடுகிறார்கள். நாய் படுத்திருக்கும்போது எடுத்தால் சிறிதாகக் காட்டும். ஒரு தாளின்மேல் நிற்கவைத்து, மற்றக் காலைத் தூக்கி, பாரம் முழுவதும் அந்தக் காலில் விழும்போது இரு பக்கமும் பென்சிலால் கோடு போட வேண்டும். முன்பாதம் பின்பாதத்தைவிட அகலமானது. உடல் பாரத்தில் ஏறத்தாழ 60 வீதம் முன்கால்களில் விழுவதால், நான்கு காலுக்கும் வாங்கப் பணமில்லையென்றால் முன்னிரண்டுக்கு வாங்குங்கள்.

பழக்குவதற்கு எங்களுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. முதல் மூன்று நாள் சப்பாத்தைச் சோற்றுத் தட்டின் பக்கத்தில் வைத்ததோடு சரி. பிறகு தினமும் பாதத்தைப் பிடித்து, விரல்களை மெல்ல விரித்து, ஒரு துண்டு அவித்த ஈரல். அதன்பின் ஒரே ஒரு காலில், பத்து எண்ணும் நேரம். சீனி கொக்குபோலக் காலை உயரத் தூக்கி வைத்தாள். தரையைப் பாதத்தால் அறியும் உயிருக்கு அது திடீரெனத் தெரியாமல் போனால் அப்படித்தான் நடக்கும். வீட்டார் சிரிக்க வந்தபோது வெளியே அனுப்பிவிட்டேன், அவள் உண்மையிலேயே பயந்திருந்தாள். நின்ற இடத்தில் நிற்கவிட்டால் கடித்துக் கழற்றுவாள்; போட்ட உடனே வாசலைத் திறந்து நடக்கத் தொடங்கினால் மறந்துவிடுவாள். பட்டிக்கும் காலுக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

ஆனாலும் பெரும்பாலான நாட்களில் அவள் காலில் எதுவும் இல்லை. காலை ஐந்தரைக்கு ஒல்லாந்தர் குடாக் கரையில் நடக்கிறோம், மாலையில் ஆறரைக்குப் பிறகு. புறப்படுமுன் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ணுகிறேன். எண்ணி முடிக்குமுன் கையை எடுக்க நேர்ந்தால் திரும்பிவிடுகிறோம். நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செலவில்லாமல் செய்யக்கூடியது இது. முடிந்தவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நண்பகலில் வெளியே போக நேரும் ஐந்தாறு நாட்களுக்குத்தான் சப்பாத்து.

முன்கால்களுக்கு இன்னொரு சோடி வேண்டும். அக்காவுக்கு அளவு எழுதி அனுப்பியிருக்கிறேன்: அகலம் 6 சென்ரிமீற்றர், தடித்த அடிப்பாகம், இறப்பர் உறை வேண்டாம்.