யானைக்கால் ஒழிப்பு: பசிபிக் தீவுகளுக்குக் கொசு ஒழிப்பா, இரண்டு மருந்தா, மூன்று மருந்தா?

பசிபிக் தீவுகளில் யானைக்கால் நோயை ஒழிக்க மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள்: கொசுவை ஒழிப்பது, ஆண்டுதோறும் ஊர் முழுக்க இரண்டு மருந்து கொடுப்பது, அதோடு மூன்றாவது மருந்தையும் சேர்ப்பது. இதில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தத் தீவு, அங்கே என்ன கொசு என்று முதலில் பார்க்க வேண்டும்.

கொசு ஒழிப்புக்குச் சாலமன் தீவுகள் நல்ல சாட்சி. மலேரியாவுக்காக அங்கே வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்தார்கள். 1970களில் யானைக்கால் பரவலும் கூடவே நின்றுபோனது. அங்கே இரண்டு நோயையும் பரப்புவது அனாஃபிலிஸ் கொசுதான். ராத்திரியில் வீட்டுக்குள் வந்து கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும், அங்கேயே மருந்து பட்டுச் செத்துவிடும்.

சமோவாவில் இது பலிக்காது. அங்கே நோயைப் பரப்பும் முக்கியக் கொசு ஏடிஸ் பாலினேசியென்சிஸ். நம்மூர்ச் சாக்கடையில் வளர்ந்து ராத்திரியில் கடிக்கும் க்யூலெக்ஸைப் போல அல்ல. இது பகலில், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கடிக்கும். எலி ஓட்டை போட்டுத் தின்ற தேங்காய் மரத்தடியில் கிடக்கும். மழைக்கு அதற்குள் ஒரு கை தண்ணீர் தேங்கினால் போதும், கொசுப்புழு வந்துவிடும். நண்டு வளை, மரப்பொந்து எதையும் இந்தக் கொசு விடாது. தோப்பு தோப்பாகக் கிடக்கும் தேங்காய்களை யார் பொறுக்கி முடிப்பது?

ஆக, மருந்துதான். 1999-ல் தொடங்கிய பசிபிக் கூட்டுத் திட்டம் டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற இரண்டு மருந்தை நம்பி இறங்கியது. அனாஃபிலிஸ் உள்ள வனுவாட்டு 2000 முதல் 2004 வரை ஐந்து சுற்று கொடுத்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்பு அங்கீகாரம் கிடைத்தது. பக்கத்துச் சமோவாவைப் போலவே ஏடிஸ் உள்ள அமெரிக்க சமோவா 2000 முதல் 2006 வரை ஏழு சுற்று கொடுத்தது. பரவல் நின்றதா என்று பார்க்கும் பள்ளிக் கணக்கெடுப்புகளில் 2011, 2015-ல் தேறியது, 2016-ல் தோற்றது. நோய் திரும்பிவிட்டது.

ஏன்? ரத்தத்தில் நுண்புழு (யானைக்கால் புழுவின் குஞ்சு) குறையக் குறைய, அதைக் குடிக்கும் அனாஃபிலிஸுக்குள் புழு பிழைப்பது அரிதாகிவிடும். ஏடிஸிலோ நேர்மாறு: கொஞ்சம் புழு போனாலும் பெரும்பங்கு தேறி வளரும். அதனால் அங்கே மிச்சம் வைக்கவே கூடாது. ஆனால் கொசுவை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன். ஏடிஸ் உள்ள டோங்கா இதே இரண்டு மருந்தில் ஜெயித்தது. அமெரிக்க சமோவாவில் முதல் சில சுற்றுகளில் மருந்து சாப்பிட்டவர்களே குறைவு. தேவாலயங்கள் வழியாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் கூடியது.

மூன்றாவது மருந்து ஐவர்மெக்டின். பப்புவா நியூ கினியில் நடந்த சோதனையில் மூன்றையும் சேர்த்து ஒரே முறை கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து 96 சதவீதம் பேர் ரத்தத்தில் நுண்புழு இல்லை. இரண்டு மருந்தை ஒரே முறை சாப்பிட்டவர்களில் அது 32 சதவீதம்தான். 2018-ல் சமோவா இதை நாடு முழுவதும் கொடுத்த முதல் நாடானது. பலம் என்று பார்த்தால் மூன்று மருந்துக்கே என் ஓட்டு.

சிக்கல் வாயில் போடும்போது வருகிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு டி.இ.சி. ஐந்து, அல்பெண்டசோல் ஒன்று, ஐவர்மெக்டின் ஐந்து என்று கிட்டத்தட்ட பதினொரு மாத்திரை. உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாத மனிதரிடம் இதை ஒரே மூச்சில் விழுங்கச் சொல்ல வேண்டும். புழு சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வரும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அடுத்த முறை அவர் வரமாட்டார். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஐவர்மெக்டின் கிடையாது. சமோவாவின் இரண்டாம் சுற்றும் 2019 தட்டம்மை, அப்புறம் கோவிட் என்று தள்ளிப்போய் 2023-ல்தான் நடந்தது.

இன்னொன்று, பழைய கணக்கெடுப்பு ஆறேழு வயதுக் குழந்தைகளைத்தான் சோதித்தது. புழுவைச் சுமப்பதோ பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். மூன்று மருந்துத் திட்டத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்க்கிறார்கள். ஏடிஸ் உள்ள தீவுகளில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் இந்தச் சோதனையைத்தான் நம்புவேன்.